‘க்ரீனுக்கு’ ஏன் வால் இல்லை

என்னை அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து மாற்றச் சொல்லி மனு ஒன்று போனதே, அந்த வருஷம் எங்கள் பக்கத்தில் சம்பா அறுவடை நின்றுபோயிருந்தது. கதிர் முற்றித் தலை சாய்த்துக் கிடக்கிறது. அரிவாளோடு ஒருவரும் வயலில் இறங்கவில்லை. சர்க்கார் நிர்ணயித்த கூலியைக் கொடுத்தால்தான் அறுப்போம் என்று எங்கள் தெருவும் சுற்றுப்பட்ட தெருக்களும் உட்கார்ந்துவிட்டன. மிராசுதார்கள் வெளியூரிலிருந்து லாரியில் ஆள் கொண்டுவந்தார்கள். லாரியை மறிக்க எங்கள் ஆட்கள் செங்கொடியோடு சாலையில் நின்றார்கள். நடுவில் போலீஸ் வேன். மாயவரத்திலிருந்து தரங்கம்பாடி போகும் பஸ்கூட அந்த இடத்தில் நின்று நின்றுதான் போகும்.

மறியலில் முன்னால் நின்றவர்களில் என் அப்பாவும் ஒருவர். அப்பா அறுக்க மறுத்த வயல் எந்த மிராசுதாருடையதோ, அவர்தான் நான் வேலை பார்த்த உயர்நிலைப் பள்ளிக்கு இடம் கொடுத்தவர். பள்ளிக் குழுவுக்கும் அவரே தலைவர். நான் அங்கே இங்கிலீஷ் டீச்சர். ஒன்பதாம் வகுப்பில் என் முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் அவருடைய மகன் வயிற்றுப் பேத்தி. பின் பெஞ்சுகளில் எங்கள் தெருப் பிள்ளைகள். இத்தனையையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று.

நான் வேலையில் சேர்ந்த அன்றே அவர் என்னைப் பார்க்க வந்திருந்தார். தலைமை ஆசிரியர் எழுந்து நின்று தம் நாற்காலியை அவருக்குக் கொடுத்தார். மிராசுதார் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “நம்ம மேலப் பண்ணைக்கு நடவுக்கு வருவாளே, அவ மவளா?” என்றார்.

“ஆமாங்க.”

“என்ன பாடம்?”

“இங்கிலீஷுங்க.”

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. தலைமை ஆசிரியர் பக்கம் திரும்பி, “இந்தியத் தூக்கிட்டானுவோ, சரி. இருக்கிற இங்கிலீஷையும் இப்பிடிப் பண்ணணுமா?” என்றார்.

ஆட்சி மாறி, இந்தி வகுப்பு பள்ளிக்கூடத்தை விட்டுப் போய், தமிழும் இங்கிலீஷும் மட்டும் மிஞ்சிய காலம் அது. தலைமை ஆசிரியர் பயந்த சுபாவம். ஆனால் அன்று அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. “கவர்மென்ட் போஸ்டிங்குங்க. பி.ஏ. இங்கிலீஷ்ல ரேங்க் வாங்குன பொண்ணு” என்றார், தரையைப் பார்த்துக்கொண்டே.

ரேங்க் வாங்கியது உண்மை. அதை நான் வாங்கிய விதம்தான் கொஞ்சம் வேடிக்கை. கல்லூரியில் சேர்ந்த புதிதில் பேராசிரியர் பேசுவது எனக்கு ஒரு வரிகூடப் புரியாது. பக்கத்தில் இருந்தவர்கள் கான்வென்ட் பிள்ளைகள். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பார்கள். நான் அவர்கள் சிரிப்பதைப் பார்த்துச் சிரிப்பேன். நூலகத்தில் ஒரு பெரிய அகராதி இருந்தது. கையால் தூக்க முடியாது, மேஜையில் வைத்தபடியே புரட்ட வேண்டும். அதைப் புரட்டியபோதுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. இங்கிலீஷ் சொற்களுக்கு வால் இருக்கிறது. ஒரு வாலுக்கு அர்த்தம் தெரிந்துவிட்டால், அந்த வால் வைத்த சொல்லெல்லாம் மந்தையாக நம் பின்னால் வந்துவிடும்.

எனக்கு முதலில் வசப்பட்டது ஈ, என் என்ற இரண்டே எழுத்தில் முடிகிற வால். டீப் என்றால் ஆழம். டீப்பன் என்றால் ஆழமாக்கு. வைட் என்றால் அகலம். வைடன் என்றால் அகலமாக்கு. அகராதியில் இந்த வாலுக்குப் பூர்வீகமும் போட்டிருந்தது. இங்கிலீஷில் வினையாக்கும் வால்கள் இன்னும் உண்டு. ‘ப்யூரிஃபை’, அதாவது தூய்மையாக்கு, என்பதில் வருகிற ‘ஃபை’, லத்தீனில் ‘செய்’ என்ற சொல்லிலிருந்து பிறந்து, இங்கிலாந்தை ஆண்ட பிரபுக்கள் பேசிய பிரெஞ்சு வழியாக வந்தது. ‘மாடர்னைஸ்’ போன்ற சொற்களில் வருகிற ‘ஐஸ்’ என்ற வால் கிரேக்கத்திலிருந்து வந்தது. ஆனால் ஈ, என் சேர்ந்து ஒலிக்கிற இந்த ‘அன்’ எங்கிருந்தும் இறக்குமதி ஆனதல்ல. அந்த மண்ணில் உழுதவனும் ஆடு மேய்த்தவனும் பேசிய பழைய இங்கிலீஷில் ஒரு ‘ன்’ சத்தமாக இருந்து, பின்னால் நூற்றுக்கணக்கான வருஷம் ஜனங்கள் புதிது புதிதாகச் சொல்லில் ஒட்டி ஒட்டிப் பெருக்கியது. படித்த அன்று எனக்கு ஒரே சந்தோஷம். ஆழம், அகலம், கெட்டி, கூர்மை, பழுப்பது, இறுகுவது எல்லாம் எங்கள் வீட்டுச் சமாச்சாரம். இங்கிலீஷும் நம்மைப் போன்ற வீட்டில் பிறந்ததுதான் என்று தோன்றிய பிறகு எனக்கு அதனிடம் பயம் விட்டுப்போயிற்று.

பள்ளிக்கூடத்திலும் அப்படியேதான் நடத்தினேன், வால் வாலாக. பிள்ளைகளுக்கு அது விளையாட்டு மாதிரி இருந்தது. அரையாண்டுத் தேர்வில் ஒன்பதாம் வகுப்பு இதுவரை வாங்காத மார்க் வாங்கியது. அந்த நேரத்தில்தான் அறுவடை நின்றது.

ஒரு நாள் மத்தியானம் தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார்.

“மேல எழுதிட்டாங்கம்மா.”

“என்னான்னு சார்?”

“உனக்கு இங்கிலீஷ் தெரியாதாம். உச்சரிப்பு சரியில்லையாம். பாடப் புத்தகத்த நடத்தாம வால், தலைன்னு கதை சொல்றியாம். அப்பறம்…” அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வகுப்புல ஸ்ட்ரைக் பத்திப் பேசுறியாம்.”

“சார், நான் ஒரு வார்த்தை பேசல.”

“தெரியும்மா. தஞ்சாவூர்லேந்து கல்வி அதிகாரி வர்றாங்க. உன் வகுப்புல உக்காந்து பாக்கப் போறாங்க. சரியில்லன்னு எழுதிட்டா கடலோரமா எங்கியாச்சும் தூக்கிப் போட்டுடுவாங்க. இல்லன்னா வேலையே…” முடிக்காமல் விட்டார்.

பஸ்ஸில் ஏறாமல் ஆற்றங்கரை வழியே நடந்தே வீட்டுக்கு வந்தேன். எங்கள் வீட்டில் வேலை நிறுத்தம் தொடங்கியதிலிருந்து என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்து வீடுகளிலும் பாதிப் பானை அதில்தான் கொதித்தது. விஷயத்தைச் சொன்னேன். அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தார்.

“நான் வேணா நாலு நாளைக்கு மறியல்ல பின்னால நின்னுக்கவா? அவரு கண்ணுல படாம இருந்தாக்கா…” என்றார். அப்பா அப்படிக் குரல் தாழ்ந்து பேசி நான் கேட்டதே இல்லை. தடியடிக்குக்கூடப் பின்னால் போகாதவர்.

“வேணாம்பா. நீங்க முன்னாலயே நில்லுங்க. எனக்காவப் பின்னால போனீங்கன்னா அப்பறம் நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வகுப்புக்குப் போவேன்?”

அம்மா முறத்தை மறுபடியும் எடுத்தார். “அதான் சொல்லுதுல்ல. அவ வேலைய அவ பாத்துக்குவா. நீங்க ஒங்க வேலையப் பாருங்க.”

அதிகாரி வந்த அன்று காலை பனி விலகவே இல்லை. ஜீப்பிலிருந்து இறங்கினவர் ஓர் அம்மாள். கஞ்சி போட்ட கைத்தறிச் சேலை, நரைத்த கொண்டை, கையில் குடை. முகத்தில் ஒரு ரேகை அசையவில்லை. மிராசுதாரும் வந்திருந்தார். என் வகுப்பின் கடைசியில் மூன்று நாற்காலி போட்டார்கள். அதிகாரி ஒன்றில், மிராசுதார் ஒன்றில். மூன்றாவதில் தலைமை ஆசிரியர் உட்காரவே இல்லை. அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எங்கள் தெருப் பிள்ளைகள் பாதிப் பேர் அன்று காலையில் ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

என்ன நடத்துவது என்று முன்பே முடிவு செய்திருந்தேன். எதைக் குற்றம் என்று எழுதினார்களோ அதையே நடத்துவது. சாக்பீஸை எடுத்து ஈ, என் என்ற இரண்டு எழுத்தையும் கரும்பலகையில் பெரிதாக எழுதினேன். “இந்த வாலுக்கு என்ன அர்த்தம்?”

“ஆக்கு, டீச்சர்!”

“ஆகுன்னும் அர்த்தம், டீச்சர்!” இது முன் பெஞ்ச், மிராசுதாரின் பேத்தி.

ஆற்றை டீப்பன் செய்தார்கள் என்றால் ஆழமாக்கினார்கள். ஆறு டீப்பன் ஆனது என்றால் தானாக ஆழமாயிற்று. இங்கிலீஷ் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொள்கிறது. நாம் ஆகு, ஆக்கு என்று பிரித்துச் சொல்கிறோம். இதை ஒரு தரம் சொல்லிவிட்டு, வாக்கியம் கேட்டேன். கை உயர ஆரம்பித்தது. வெயில் நெல்லைப் பழுக்க வைக்கிறது என்று ஒருத்தி. அப்பா அரிவாளைத் தீட்டுகிறார் என்று ஒருத்தன். வாய்க்காலை அகலமாக்கினார்கள், சர்க்கரை காப்பியை இனிப்பாக்குகிறது. வகுப்புக்கு உயிர் வந்துகொண்டிருந்தது. அப்போது பின் பெஞ்சில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி எழுந்தாள். கொஞ்சமும் தடுமாறாமல் இங்கிலீஷில் சொன்னாள்.

“ஹங்கர் வீக்கன்ஸ் பீப்பிள்.”

பசி மனிதர்களைப் பலவீனமாக்குகிறது. அவள் யாரையும் குத்திக் காட்டச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்ததைச் சொன்னாள். ஆனால் மிராசுதார் நாற்காலியில் நிமிர்ந்துவிட்டார்.

“பாத்தீங்களா? இதத்தான் நான் எழுதினேன். இதான் பாடமா?”

தலைமை ஆசிரியர் நாற்காலி முதுகை இன்னும் இறுக்கிப் பிடித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அதிகாரி அம்மாள் பேசிவிட்டார்.

“வாக்கியத்தில் தப்பு ஒன்றும் இல்லையே. எழுவாய் ஒருமை, வினையில் எஸ் சரியாக வந்திருக்கிறது. உட்காரும்மா.”

அந்தப் பெண் உட்கார்ந்தாள். பேச்சை மாற்ற நிறங்களுக்குப் போனேன். ரெட், ரெட்டன். சிவப்பு, சிவக்க வை. பிளாக், பிளாக்கன். வொயிட், வொயிட்டன். பிள்ளைகள் கோரஸாகச் சொன்னார்கள்.

முன் பெஞ்சில் பேத்தி கையை உயர்த்தினாள்.

“டீச்சர், அப்ப க்ரீனுக்கு? க்ரீனன்னு ஒரு சொல் வருமா?”

“வராது.”

“ஏன் டீச்சர்?”

ஏன்? அகராதியில் அந்தச் சொல் இல்லை என்பது தெரியும். ஏன் இல்லை என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. பச்சைக்கு என்ன குறை? சிவப்புக்கும் கறுப்புக்கும் வெள்ளைக்கும் கொடுத்த வாலைப் பச்சைக்கு ஏன் கொடுக்கவில்லை? ஜன்னலுக்கு வெளியே வயலும் வாழைத் தோப்பும். அந்த ஊரில் பச்சையைப் பற்றிக் கேட்காமல் வேறு எதைப் பற்றிக் கேட்பார்கள்? மிராசுதார் முகத்தில் லேசாக ஒரு புன்னகை வந்தது. பேத்திக்குச் சொல்லிக் கொடுத்து அழைத்து வந்திருக்கிறார் என்றுதான் எனக்கு அந்த நிமிஷத்தில் பட்டது. இல்லை; அந்தப் பெண் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவள் கண்ணைப் பார்த்ததும் அது புரிந்தது.

“எனக்குத் தெரியாது” என்றேன்.

பின்னால் நாற்காலி கிரீச்சிட்டது. “தெரியாதாம்” என்று மிராசுதார் அதிகாரியிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

“எனக்குத் தெரியாது. வாங்க, எல்லாரும் சேந்து கண்டுபிடிப்போம்” என்று கரும்பலகையின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தேன். “வால் ஒட்டுற சொல்லெல்லாம் இந்தப் பக்கம். ஒட்டாததெல்லாம் அந்தப் பக்கம். சொல்லுங்க.”

சொன்னார்கள் பாருங்கள்! இரண்டு பக்கத்துப் பெஞ்சிலிருந்தும் கத்தினார்கள். டீப், வைட், ஹார்ட், ஷார்ப், திக், வீக், டார்க், ஸ்வீட், லூஸ், ரஃப், ரெட், பிளாக், வொயிட். இதெல்லாம் ஒட்டுகிற பக்கம். க்ரீன், ப்ளூ, பிரவுன், யெல்லோ, வார்ம், கூல், ஸ்லோ, ட்ரை, தின், க்ளீன். இதெல்லாம் ஒட்டாத பக்கம். என் கை பலகையில் ஓடிக்கொண்டே இருந்தது. சாக்பீஸ் தூள் சேலை முழுக்க.

திரும்பி நின்று பார்த்தேன். அர்த்தத்தில் ஒன்றும் தெரியவில்லை. திக் ஒட்டுகிறது, தின் ஒட்டவில்லை. தடிமனுக்கு உண்டு, மெலிவுக்கு இல்லை என்றால் என்ன நியாயம்? அர்த்தம் இல்லையென்றால் வேறு என்ன மிஞ்சுகிறது? சத்தம்தான்.

“ஒட்டுற பக்கத்துல ஒவ்வொரு சொல்லும் எந்தச் சத்தத்துல முடியுது? சத்தத்த மட்டும் சொல்லுங்க.”

“டீப்… ப்! வைட்… ட்! ஷார்ப்… ப்! திக்… க்! ஸ்வீட்… ட்! லூஸ்… ஸ்!” ரஃப் வந்ததும் கொஞ்சம் திணறினார்கள். ஒருவன், “ஃப்பும் நம்ம வாயில ப் தானே டீச்சர்” என்றான். சிரிப்பு.

“இப்ப ஒட்டாத பக்கம்.”

“க்ரீன்… ன்! பிரவுன்… ன்! வார்ம்… ம்! கூல்… ல்! தின்… ன்!” ப்ளூவும் ஸ்லோவும் ட்ரையும் உயிரில் முடிகின்றன.

க், ட், ப், ஸ் ஒரு பக்கம். ன், ம், ல், உயிர் ஒரு பக்கம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இது இங்கிலீஷ் புத்தகத்தில் படித்ததல்ல. இது நான் மூன்றாம் வகுப்பில், தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதிப் படித்தது. என் வாயிலிருந்து வருவதற்குள் பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி கூவிவிட்டாள்.

“டீச்சர், கசடதபற! வல்லினம் டீச்சர்!”

வகுப்பே எழுந்துவிட்டது. “வல்லினம்! வல்லினம்!” ஒட்டுகிற பக்கத்தில் ஒரு மெல்லினம் இல்லை, ஓர் இடையினம் இல்லை, ஓர் உயிர் இல்லை. ‘லூஸ்’ என்பதில் வரும் ஸ்ஸைத் தமிழில் ச் பக்கத்தில்தான் வைக்க வேண்டும், அதுவும் வல்லினம். வன்மையாக முடிகிற சொல்லைத்தான் இந்த வால் பிடித்துக்கொள்ளும். க்ரீன் மெல்லினத்தில் முடிகிறது. அதற்கு வால் கிடையாது. பச்சை செய்த பாவம் வேறொன்றும் இல்லை.

மேஜையைத் தட்டிப் பிள்ளைகளை உட்கார வைத்தேன். அதற்குள் அதிகாரி அம்மாள் எழுந்து பலகைக்கே வந்துவிட்டார். மூக்குக் கண்ணாடியைச் சற்றே தூக்கி இரண்டு வரிசையையும் படித்தார்.

“கோல்ட் வல்லினத்தில்தானே முடிகிறது? குளிரவைக்க கோல்டன் என்று சொல்வோமா?”

கோல்டன் என்றால் பொன்னாலானது. குளிருக்கு அப்படி ஒரு சொல் இல்லை.

“வல்லினம் எல்லாத்துக்கும் வால் உண்டுன்னு நான் சொல்லல மேடம். வால் உள்ளது எல்லாம் வல்லினம்னுதான் சொல்றேன்.”

அவர் புருவம் உயர்ந்தது. “சரி. ஸ்ட்ராங்? பலமாக்குவதற்கு இங்கிலீஷில் சொல் இருக்கிறதே. ஆனால் ஸ்ட்ராங் ‘ங்’ என்று முடிகிறது. மெல்லினம்.”

இதைக் கேட்டதும் எனக்குப் பயம் வரவில்லை. வந்தது வேறு ஒன்று, நாற்றைப் பிடித்து நேராக ஊன்றும்போது சேற்றுக்குள் விரல் போய் நிற்கிற மாதிரி ஒரு நிச்சயம்.

“நாம ஸ்ட்ராங்கன்னு சொல்றதில்லையே மேடம். ஸ்ட்ரெங்த்தன்னுதான் சொல்றோம்.” எழுதினேன். “ஸ்ட்ராங்ல வால் ஒட்டாது. அதனால ஸ்ட்ரெங்த்துன்னு அதோட உறவுக்காரச் சொல்லுகிட்டப் போயிருக்கு. அதோட கடைசியில த் இருக்கு. வல்லினம். அதுல ஒட்டிக்கிச்சு.”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அடுத்தது கண்ணில் பட்டது. “லாங்கும் அப்படித்தான்! லாங்கன் இல்ல, லெங்த்தன். ஹை உயிர்ல முடியுது, அதுல ஒட்டாது. ஹைட்டுக்குப் போயி ஹைட்டன் ஆயிருக்கு!” கடைசி வரியை நான் கத்தியே சொல்லியிருக்க வேண்டும். தலைமை ஆசிரியர் தம்மையறியாமல் கை தட்டினார். தட்டிவிட்டு மிராசுதாரைப் பார்த்தார். பார்த்துவிட்டு, மறுபடியும் தட்டினார். அதற்கப்புறம் பிள்ளைகளை யார் பிடிக்க முடியும்?

அதிகாரி அம்மாள் கைதட்டல் ஓயும்வரை காத்திருந்தார். அவர் முகத்தில் அப்போதுதான் முதல் தடவையாகச் சிரிப்பைப் பார்த்தேன்.

“நான் இங்கிலீஷ் எம்.ஏ. படித்தவள். இத்தனை வருஷத்தில் இதைக் கவனித்ததில்லை. இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?”

“தெரியல மேடம். இருக்கலாம். நாங்க இப்பதான் கண்டுபிடிச்சோம்.”

“ஆமாம், இப்போதுதான். நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்” என்றவர் மிராசுதார் பக்கம் திரும்பினார். “நீங்கள் இடம் கொடுத்த பள்ளிக்கூடம் நன்றாக நடக்கிறது. சந்தோஷப்பட வேண்டும்.”

மிராசுதார் எழுந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பேத்தி அவரிடம் ஓடி, “தாத்தா, நான் கேட்ட கேள்வி தாத்தா அது! நான்தான் கேட்டேன்!” என்று அவர் கையைப் பிடித்து ஆட்டினாள். அந்தப் பெண்ணுக்கு அத்தனை பெருமை. அவர் அவளைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அதன் பிறகும் அவர் என்னிடம் நல்லதாக ஒரு வார்த்தை பேசினது கிடையாது. ஆனால் மனு என்று ஒன்று மறுபடியும் போகவில்லை. பேத்தியின் நச்சரிப்பாகவும் இருக்கலாம். நான் மாற்றப்படவில்லை. அடுத்த வருஷம் பத்து, பதினொன்று இரண்டு வகுப்பும் என் கையில் கொடுத்தார்கள்.

அன்று மாலை பஸ்ஸில் எங்கள் தெருப் பிள்ளைகள் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார்கள். மறியல் நடக்கிற இடத்தில் பஸ் நின்றது. ஜன்னல் வழியே அவர்கள் கத்தினதில் அப்பாவுக்கு விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது. என்ன ஜெயித்தேன் என்று அவருக்கு விளங்கியிருக்காது. ஜெயித்தேன் என்பது விளங்கிற்று. கொடிக் கம்பை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு பஸ் பக்கத்தில் வந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “சாப்புட்டியா?” என்றார். வேறொன்றும் கேட்கத் தோன்றவில்லை அவருக்கு.

அடுத்த வாரமே தாசில்தார் ஆபீஸில் பேச்சுவார்த்தை நடந்தது. கதிர் உதிர ஆரம்பித்திருந்ததால் மிராசுதார்களால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. வெளியாட்களும் ஊர்ச் சண்டை பார்த்துப் பாதிப் பேர் திரும்பிப் போய்விட்டார்கள். சர்க்கார் சொன்ன கூலி என்று கையெழுத்தாயிற்று. தெரு முழுக்கப் பறை அதிர்ந்தது. அப்பா தொண்டை கட்டிப்போய், கண் சிவந்து வீட்டுக்கு வந்தார்.

சோறு போடும்போது பேச்சோடு பேச்சாக அந்த வாலின் அர்த்தத்தைச் சொன்னேன். இங்கிலீஷில் ‘ஆகு’ என்பதற்கும் ‘ஆக்கு’ என்பதற்கும் ஒரே வால்தான்; யார் செய்தார்கள் என்று சொல்லாமலே பேசிவிடலாம் என்றேன். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“நல்ல வசதிதான். கூலி உசந்துச்சுன்னு நாளைக்கு அவங்க சொல்லிக்குவாங்க. உசந்துச்சா? நாமல்ல உசத்துனோம்.”

“அதுல என்ன சந்தேகம்?” என்றார் அம்மா. “நெஞ்செலும்பு நோவ நின்னது யாரு?”

சனிக்கிழமை அறுவடை தொடங்கியது. எனக்கு லீவு. அம்மா வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும் நானும் இறங்கினேன். காலேஜில் சேர்ந்த பிறகு அரிவாளைத் தொட்டதில்லை. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு குனிந்ததும் முதுகு கெஞ்சியது. பக்கத்தில் அம்மா சரசரவென்று அறுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டார். அவர் பிடியில் தாள் விழுகிற வேகத்தை என்னால் தொடவே முடியவில்லை. சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரிந்த பெண்களெல்லாம் வரிசையாக நின்று அறுக்கிறார்கள். யாரோ குலவை போட்டார்கள். வயலுக்கு வயல் அது தாவிப் போயிற்று. அவ்வளவு நாள் அடக்கி வைத்திருந்த சிரிப்பும் பேச்சும் கேலியும் அன்று கரை உடைந்து ஓடின.

கொஞ்ச நேரத்தில் என் வரிசை எல்லோருக்கும் பின்னால் போய்விட்டது. அம்மா தன் வரிசையை முடித்துவிட்டுத் திரும்பி, எதிர்ப்பக்கத்திலிருந்து என் வரிசையை அறுத்துக்கொண்டே வந்தார். நடுவில் சந்தித்தோம். மூச்சு வாங்கிக்கொண்டு நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அவர் இடுப்பில் கை வைத்து என்னைப் பார்த்துவிட்டு, வயலே திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சத்தமாகச் சொன்னார்:

“டீச்சரம்மா, நின்னது போதுங்க. கட்டத் தூக்குங்க!”

தூக்கினேன். தலையில் கதிர்க்கட்டு சலசலக்க, வரப்பு வழுக்க, எல்லோரும் சிரிக்கச் சிரிக்க, களத்துமேடு வரைக்கும் கீழே போடாமல் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.